பழைய மருத்துவப் புத்தகம் வாங்கப் போகிறவர்கள் கவனம்: என் 18,500 ரூபா போய்விட்டது

18,500 ரூபா. கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் மருத்துவ பீடத்துக்குப் புதிதாக வரும் மலையகப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

பேராதனையில் படிக்கிறேன், வீடு பொகவந்தலாவைப் பக்கம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோதே வெளிநாட்டுப் பதிப்புகள் எங்களுக்கு எட்டாமல் போய்விட்டன. மகாபொல உதவித்தொகை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடும். அதனால் பழைய புத்தகம் விற்கும் ஒரு இணையப் பக்கத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் மூன்றுக்கும் விலை கேட்டேன்.

பேசியவர் நல்ல தமிழில் பேசினார். "எந்தத் தோட்டம் தங்கச்சி?" என்றார். சொன்னதும், "நானும் லயத்துல வளர்ந்தவன்தான், நம்ம பிள்ளைங்க டொக்டராகணும்" என்றார். அம்மாவைப் பற்றிக்கூட விசாரித்தார். புத்தகங்களைப் புரட்டிக் காட்டும் வீடியோவும் வந்தது, பளிச்சென்ற வண்ணப் பக்கங்களோடு. பொருள் கைக்கு வந்த பிறகு காசு தருகிறேன் என்றதற்கு, "உங்க பக்கம் கூரியர்காரங்க அப்படி எடுக்க மாட்டாங்கம்மா, முழுசாப் போட்டுடுங்க" என்றார். ஊர்ப்பேச்சு பேசுகிறவரை எப்படிச் சந்தேகிப்பது? அம்மா சீட்டு எடுத்துத் தந்த காசை அன்றே வங்கியில் போட்டேன்.

வந்தது கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பி. அதுவும் பழைய பதிப்பு. உடற்கூற்றியல் புத்தகத்தில் நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள். அந்த நிறத்தை வைத்துத்தான் எது எங்கே ஓடுகிறது என்று படிக்கிறோம். இதில் எல்லாமே ஒரே சாம்பல் கோடு. ஓரத்தில் இருந்த பெயர்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன. இதற்கா 18,500 ரூபா? அம்மா சீட்டு எடுத்தபோது நாள் சம்பளம் 1,350. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். கிட்டத்தட்ட பதினான்கு முழுப் பேர் இந்தக் குப்பைக்குப் போயிருக்கிறது.

போன் எடுத்தேன். "ஸ்டோர்ல மாறிப் போச்சு, பாக்கிறேன்" என்றார். அப்புறம் "அனுப்புற அண்ணா லீவு". அப்புறம் "வீடியோ பாத்துத்தானே எடுத்தீங்க?" தங்கச்சி போய் "மிஸ்" ஆகிவிட்டேன். கடைசியில் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். தோழியின் போனிலிருந்து புத்தகம் இருக்கிறதா என்று கேட்டதும் உடனே பதில்: "இருக்கு தங்கச்சி, எந்தத் தோட்டம்?" அதே வீடியோ!

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முழுப் பணத்தை முன்கூட்டிப் போடாதீர்கள். உங்கள் பெயரைத் தாளில் எழுதி, புத்தகத்தின் மேல் வைத்துப் புதிதாகப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பதிப்பு எது என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் சீனியர் அக்கா, அண்ணாமாரிடம் கேளுங்கள், நூலகத்தில் பாருங்கள்.

ஏமாந்தவர்கள் வங்கிச் சிலிப்பையும் உரையாடலையும் அழிக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அவர்களுடைய இலக்கம் 1977. நான் கடிதம் எழுதிவிட்டேன். "எந்தத் தோட்டம்" என்று கேட்ட இதே ஆளிடம் காசு போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் சிலிப்பையும் சேர்த்தே அனுப்புகிறேன்.