கிரீன் ஆற்றின் மணல்திட்டுகளில் கூடாரம்: லாபிரிந்த், ஸ்டில்வாட்டர் பள்ளத்தாக்குகள் எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரீன் ரிவர் என்ற சிற்றூரிலிருந்து கொலராடோ ஆற்றோடு கலக்கும் இடம் வரை கிரீன் ஆறு ஓடும் தூரம் 193 கி.மீ. இந்தத் தூரம் முழுவதிலும், பாறைகளுக்கிடையே நீர் சீறி இறங்கும் பெரிய பாய்ச்சல் எதுவும் கிடையாது. துடுப்புப் பிடிக்கத் தெரிந்த எவரும் கனூ என்ற நீண்ட திறந்த படகில் போகலாம். ஆனால் இறங்கித் தங்குகிற இடத்தில் குழாய் இல்லை, மேசை இல்லை, கழிப்பறை இல்லை, தொலைபேசிச் சிக்னலும் இல்லை. படகில் ஏற்றிக்கொண்டு போவதுதான் உண்டு. இப்படிப்பட்ட இடத்துக்கு நட்சத்திரம் போட்டு மதிப்பிடுவது கடினம். போகிற வாரத்தில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, இதே ஆறு அருமையாகவும் இருக்கும், படுத்தியெடுக்கவும் செய்யும்.

அதனால் தேதியை முடிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது கிரீன் ரிவர் ஊரில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை வைத்திருக்கும் நீரளவை நிலையத்தின் கணக்கு. இணையத்தில் எந்நேரமும் கிடைக்கும். மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் மலைப்பனி உருகி வரும்போது நல்ல பனி பெய்த ஆண்டுகளில் விநாடிக்கு 20,000 கன அடியைத் தாண்டும். அப்போது மணல்திட்டுகள் எல்லாம் முழுகிவிடும். இரு கரையிலும் டாமரிஸ்க் புதர் சுவர் மாதிரி அடைத்து நிற்பதால் படகை ஒதுக்கவே இடம் தேட வேண்டும். மிச்சமிருப்பவை சில பாறைத் திண்ணைகளும், பக்கப் பள்ளத்தாக்குகளின் வாய்களும்தான். அவற்றுக்குப் போட்டி அதிகம். வெள்ளம் வடிகிற ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை இன்னும் மோசம்: புதருக்குள் தேங்கிய நீரில் கொசு பெருகி, சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே உட்காரவே விடாது.

ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் 2,000 முதல் 4,000 கன அடிக்கு இறங்கும். அப்போதுதான் திட்டுகள் வெளியே வரும். ஒவ்வொரு வளைவின் உட்புறத்திலும் சுத்தமான, அகலமான, புதர் இல்லாத மணல். கூட்டமாகப் போனாலும் பத்துக் கூடாரம் தாராளமாகப் போடலாம். எங்கள் தீர்ப்பு இதுதான்: செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இந்த ஆற்றுக்கு ஈடு இல்லை. கொசு இருக்காது, வெயில் தாங்கும்படி இருக்கும், காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாக மாறத் தொடங்கியிருக்கும். விலை ஒன்று உண்டு. நீரோட்டம் மெதுவாகிவிடுவதால் தூரத்தைக் கையால் வலித்துத்தான் கடக்க வேண்டும். நாளொன்றுக்கு 20 முதல் 25 கி.மீ. என்று திட்டமிடுவது நியாயம்.

எங்கே ஏறி எங்கே இறங்குவது

ஊரிலிருந்தே கிளம்பினால் ரூபி ரேஞ்ச் என்ற பண்ணை வரையிலான முதல் 37 கி.மீ. திறந்தவெளிதான், வயலும் தாழ்ந்த மேடுகளும். நாள் குறைவாக இருப்பவர்கள் இதை விட்டுவிட்டு ரூபி ரேஞ்சில் ஏறலாம். அது தனியார் நிலம், ஆளுக்கும் படகுக்கும் கட்டணம் உண்டு, ரொக்கமாக வைத்திருங்கள். அங்கிருந்து மினரல் பாட்டம் என்ற படகுத்துறை வரை 72 கி.மீ. தான் லாபிரிந்த் பள்ளத்தாக்கு. நான்கு நாள் வைத்துக்கொண்டால் பக்கப் பள்ளத்தாக்குகளில் நடக்கவும் நேரம் கிடைக்கும். மினரல் பாட்டத்திலிருந்து சங்கமம் வரை 84 கி.மீ. ஸ்டில்வாட்டர் பள்ளத்தாக்கு. அதற்கும் நான்கு நாள். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் 1869-ல் இந்த ஆற்றில் படகுப் பயணம் செய்த ஜான் வெஸ்லி பவல்.

முதல்முறை போகிறவர்களுக்கு லாபிரிந்த்தான் சரி. அனுமதிச் சீட்டு இலவசம். மத்திய நிலமேலாண்மைத் துறையின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முடிகிற இடத்துக்கு வண்டி வரும். நாயையும் கூட்டிப்போகலாம். ஸ்டில்வாட்டர் பகுதி கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போகிறது. அங்கே கட்டணம் கட்டி முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும், நாய்க்கு இடமில்லை, முடிவில் சாலையும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போனால் இரண்டு அனுமதியும் தேவை.

மினரல் பாட்டத்துக்கு இறங்கும் மண்சாலை செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. 2010 ஆகஸ்டில் பெருமழை அதைப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போய், மறுவருடம்தான் திரும்பக் கட்டினார்கள். இப்போதும் மழை பெய்தால் களிமண் வழுக்கும். காய்கிற வரை வண்டி இறங்காது. அதனால் ஏற்றிச் செல்ல வருகிறவர் ஒரு நாள் தாமதமாகலாம் என்று எண்ணி, அதற்கான உணவும் குடிநீரும் கடைசி வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

திட்டில் இடம் பிடிப்பது

மணல்திட்டு எல்லாம் ஒன்று அல்ல. தண்ணீர் ஓரத்தில் பளபளவென்று ஈரமாகத் தெரிவது பெரும்பாலும் வண்டல் சேறு. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும், செருப்பு உள்ளேயே தங்கிவிடும். படகின் முனையிலிருந்து துடுப்பால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். துடுப்பு ஒரு சாணுக்குள் நின்றால் நல்ல மணல். திட்டின் மேல்முனையில் நீரோட்டம் மோதுவதால் அங்கே மணல் கெட்டியாக இருக்கும். கீழ்முனையில் தண்ணீர் தேங்கிச் சுழல்வதால் சேறு படியும். ஆகவே மேல்முனையைக் குறிவைத்துப் படகைத் திருப்புங்கள். கடந்து போய்விட்டால் திரும்பி எதிர்த்து வலிப்பது சரக்கு ஏற்றிய கனூவில் வீண்வேலை.

கூடாரத்தை நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது அரை மீட்டர் உயரத்தில், சாய்வின் மேட்டில் போட வேண்டும். மேலே எங்கோ இடி இடித்தாலும், மேற்புறத்தில் இருக்கும் ஃபிளேமிங் கார்ஜ் அணையில் தண்ணீர் கூட்டித் திறந்தாலும், இரவில் ஆறு ஏறும். மாலையில் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்தால் படுக்கப்போகும்போது பார்த்துக்கொள்ளலாம். படகை முழுவதும் மேலே இழுத்து, முன்னும் பின்னும் இரண்டு கயிற்றால் கட்டுங்கள். கட்ட மரம் இல்லையென்றால் மணல் நிரப்பிய பையை அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து அதில் கயிற்றைக் கட்டலாம். கூடாரத்துக்கும் இதே முறைதான். வழக்கமான மெல்லிய முளைகள் மணலில் நிற்கவே நிற்காது. பிற்பகல் காற்று ஒரே மூச்சில் பிடுங்கிவிடும். துடுப்பையும் லைஃப் ஜாக்கெட்டையும் படகோடு சேர்த்துக் கட்டாதவர்கள் காலையில் அவற்றைத் தேட வேண்டியிருக்கும். கூடுதல் துடுப்பு எடுத்துப்போவது விதியிலேயே இருக்கிறது.

காற்று பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு எதிர்த்திசையில் வீசத் தொடங்கும். வசந்த காலத்தில், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில், அது நீரோட்டத்தைவிடப் பலமாக இருந்து வெறும் படகைப் பின்னுக்கே தள்ளும். விடியற்காலையில் கிளம்பி, மதியத்துக்குள் பெரும்பகுதித் தூரத்தை முடித்துக்கொள்வதுதான் வழி. கனூவில் சரக்கைத் தாழ்வாக, முன்பக்கம் சற்றே கனமாக அடுக்கினால் எதிர்காற்றில் முனை திரும்பாமல் நேராகப் போகும்.

பக்கப் பள்ளத்தாக்கின் வாய்களில் நிழலும் நடைபாதையும் இருப்பதால் ஆசை வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலத்தில் அங்கே நடு ஓடையில் கூடாரம் போடாதீர்கள். தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும்போதே, பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை சேறும் மரக்கட்டையுமாக வந்து இறங்கும்.

தண்ணீரும் படிகாரமும்

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. இரண்டு பேர் நான்கு நாள் போனால் 32 லிட்டர், அதாவது 32 கிலோ. கனூ இதைச் சுளுவாகத் தாங்கும், கயாக்கில் திணறும். எட்டு நாள் பயணத்துக்கு முழுவதையும் சுமப்பது கஷ்டம் என்பதால் ஆற்றுநீரைத் தெளியவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். நேரடியாக வடிகட்டியில் ஊற்றினால் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் இந்த வண்டல் மாவைவிட மென்மையானது. சாயங்காலம் 20 லிட்டர் வாளியில் மொண்டு, அரை முதல் ஒரு தேக்கரண்டி படிகாரப் பொடியைப் போட்டு ஒரு நிமிடம் நன்றாகக் கலக்கி, மூடி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் சேறு கட்டியாகப் படிந்திருக்கும். கலங்காமல் மேல்நீரை மட்டும் இறுத்து, அதன்பிறகு வடிகட்டி, கொதிக்கவைத்தோ குளோரின் மாத்திரை போட்டோ குடிக்கலாம். படிகாரம் சேற்றைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. ரூபி ரேஞ்சுக்கு அருகே கலக்கும் சான் ரஃபேல் ஆற்றுப் பக்கம் மழை பெய்திருந்தால் ஆறு முழுக்கச் செந்நிறக் குழம்பாகிவிடும். அந்த நாட்களுக்காகச் சுமந்து வந்த நல்ல தண்ணீரில் இரண்டு நாள் பங்கைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

கழிப்பறைப் பெட்டி, நெருப்புத்தட்டு

இந்த ஆற்றில் மலத்தைப் புதைக்கக் கூடாது. எடுத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். பாலைவன மணலில் அது மக்குவதற்கு ஈரமும் இல்லை, நுண்ணுயிரும் போதாது; அதே திட்டில் நாளை இன்னொரு குழு படுக்கும். வாடகைக்குக் கிடைக்கும், இங்கு எல்லோரும் 'குரூவர்' என்று சொல்லும் இரும்புப் பெட்டி, இருக்கையோடு வரும். பெரிய அளவுப் பெட்டி சுமார் 50 பயன்பாடு தாங்கும். ஆறு பேர் எட்டு நாள் என்றால் 48 ஆகிறது, எனவே ஒன்றில் இழுபறியாக முடிப்பதைவிட இரண்டாகக் கொண்டுபோங்கள். ரப்பர் வளையம் மூடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் படகு வெயிலில் காயும்போது நாற்றம் முழுப் பயணத்துக்கும் துணை வரும். சிறுநீரை இந்தப் பெட்டியில் சேர்த்தால் சீக்கிரம் நிறைந்துவிடும். அதை ஓடுகிற ஆற்றிலேயே கழிக்க வேண்டும் என்பதுதான் இங்கே நடைமுறை. மணலில் விட்டால் மாதக்கணக்கில் வீசும்.

நெருப்பு மூட்ட உலோகத் தட்டு கட்டாயம், அதன் கீழே தீத்தாங்கும் விரிப்பும் வேண்டும். கரையில் ஒதுங்கிய மரக்கட்டைகளை எரிக்கலாம், நிற்கிற மரத்திலிருந்து ஒடிக்கக் கூடாது. சாம்பலை ஆறவைத்து ஒரு தகரடப்பாவில் வெளியே கொண்டுவர வேண்டும். கோடையில் தீத்தடை வரும் நாட்கள் உண்டு, கிளம்புமுன் விசாரியுங்கள். பாத்திரம் கழுவிய நீரைச் சல்லடையில் வடித்து, பருக்கைகளைக் குப்பையில் போட்டு, நீரை மட்டும் ஆற்றின் ஓட்டத்தில் ஊற்றுவது வழக்கம். இதைச் சோம்பலில் விட்ட திட்டுகளை எறும்பும் எலியும் காட்டிக்கொடுத்துவிடும். அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பையே திறக்கும். உணவு கெட்டியான மூடி போட்ட பெட்டியில் இருக்க வேண்டும்.

நின்று பார்க்க வேண்டியவை

லாபிரிந்த்தில் போனாட் பெண்ட் என்ற வளைவு தனிச்சிறப்பு. ஆறு 11 கி.மீ.க்கும் மேல் சுற்றிவிட்டு, தொடங்கிய இடத்துக்குச் சில நூறு மீட்டர் அருகிலேயே திரும்பி வருகிறது. மேல்புறக் கரையில் படகைக் கட்டிவிட்டு நடுவிலிருக்கும் குறுகிய பாறைமுகட்டின் தாழ்ந்த பகுதிக்கு ஏறினால் இருபுறமும் ஒரே ஆறு தெரியும். பாதை சரளைக்கல், இறங்கும்போது கவனம். இன்னும் கீழே ஹெல் ரோரிங் பள்ளத்தாக்கின் வாயருகே, டி. ஜூலியன் என்பவர் 1836 மே 3 என்று தேதியோடு பாறையில் செதுக்கிய பெயர் இருக்கிறது, பக்கத்தில் ஒரு படகுச் சித்திரமும். தொடாமல் பாருங்கள், கைப்பிசுக்கே பாறையை அரிக்கும்.

ஸ்டில்வாட்டரில் ஃபோர்ட் பாட்டம் மேட்டில் இருக்கும் பழங்குடியினரின் கல் கோபுரமும், டர்க்ஸ் ஹெட் பாறையை ஆறு சுற்றி வளையும் இடமும் தவறவிடக் கூடாதவை. ஜாஸ்பர் பள்ளத்தாக்குக்குள் நுழையத் தடை. கால்நடை மேயாத பழைய தாவரங்கள் அங்கே தப்பியிருப்பதால் பூங்கா மூடிவைத்திருக்கிறது. பூங்காவின் மேல்பகுதியில் வொயிட் ரிம் சாலை ஆற்றை ஒட்டி வரும் இடங்களில் உள்ள முகாம்கள் வண்டியில் வருபவர்கள் முன்பதிவு செய்தவை. நிழலைப் பார்த்து அங்கே ஒதுங்க வேண்டாம். கரையிலிருந்து மேலே நடக்கும்போது கருத்துப் புடைத்த மண்மேலோட்டை மிதிக்காமல் ஓடைப்படுகையிலோ பாறையிலோ போங்கள். அது உயிருள்ள மண், ஒரு காலடி ஆறப் பல ஆண்டுகள் ஆகும்.

திரும்பும் படகு

ஸ்டில்வாட்டர் பயணத்தில் பணம் அதிகம் கரைவது திரும்பி வருவதற்குத்தான். சங்கமத்துக்குச் சுமார் 6 கி.மீ. கீழே ஸ்பானிஷ் பாட்டம்; அதைத் தாண்டினால் கேட்டரக்ட் பள்ளத்தாக்கின் பாய்ச்சல்கள் தொடங்கிவிடும். சரக்குக் கனூ அங்கே உயிருக்கு ஆபத்து. எச்சரிக்கைப் பலகை உண்டு, ஆனாலும் கடைசி நாள் வலதுகரையை ஒட்டியே வாருங்கள், ஸ்பானிஷ் பாட்டம் அந்தப் பக்கம்தான். மோவாப் ஊரிலிருந்து வரும் ஜெட் படகு, கனூக்களைக் கூரையில் ஏற்றிக்கொண்டு கொலராடோ ஆற்றில் எதிர்த்து ஏறி, பொட்டாஷ் படகுத்துறையில் இறக்கும். அங்கிருந்து வேனில் ஊர். இந்தச் சேவை நன்றாகவே நடக்கிறது, ஆனால் இருக்கைகள் குறைவு. அக்டோபர் தேதிக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்துவிட்டு, அதன்பிறகே பூங்கா அனுமதிக்குப் போவது புத்திசாலித்தனம். தண்ணீர் மிகக் குறைந்தால் ஏற்றும் இடமும் நேரமும் மாறலாம் என்பதால் கிளம்பும் நாளில் மறுபடி கேட்டு, செயற்கைக்கோள் செய்திக்கருவிக்கு அவர்கள் எண்ணையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

குறித்த நாளில் ஸ்பானிஷ் பாட்டத்தில் காலையிலேயே இருக்க வேண்டும். முதல்நாளே அங்கு வந்து தங்கினால் செங்குத்தாக 300 மீட்டருக்கும் மேல் ஏறி டால் ஹவுஸ் பாறைக்கூட்டத்தைப் பார்க்கலாம். படகு வருவதற்குள் கனூவைக் காலிசெய்து, துடைத்து, எல்லாவற்றையும் கைக்கு எட்டும் பைகளாகக் கட்டிவையுங்கள். தண்ணீரில் நின்றபடிதான் ஏற்ற வேண்டியிருக்கும். கழிப்பறைப் பெட்டியை மட்டும் நிமிர்த்தி, தனியாக, முதலிலேயே சொல்லி ஏற்றுங்கள்.