தோட்டா வாங்கும்போது லாட் எண்ணையும் பாருங்கள்: ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி பாயிண்ட் 22

50 மீட்டர் ரைஃபிள் சுடுபவர்களுக்காக எழுதுகிறேன். லாட் எண் என்பது ஒரே தடவையில் தயாரான தோட்டாக்களுக்குப் பெட்டியில் போடும் எண். நான் பயன்படுத்துவது போட்டித் தரத்தில் வரும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேக) பாயிண்ட் 22, அதாவது 0.22 அங்குல அளவு, லாங் ரைஃபிள் தோட்டா. 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. பெட்டிக்கு 50 தோட்டா.

இதில் பிரைமர் (குத்தியதும் பற்றி, மருந்துக்குத் தீ வைக்கும் கலவை) தனி மூடியாக இருக்காது. பித்தளை உறையின் அடிவிளிம்பு உள்ளே காலியாக மடிந்திருக்கும். பிரைமர் கலவையை ஈரமாக இட்டு, உறையைச் சுழற்றி, அந்த மடிப்பு முழுக்கப் பரவ விடுகிறார்கள். ஃபயரிங் பின் (டிரிகரை அழுத்தியதும் பாயும் ஊசி) விளிம்பை நசுக்கியதும் கலவை பற்றிக்கொண்டு புகையில்லா வெடிமருந்தைக் கொளுத்துகிறது. மருந்து ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. ஒவ்வொரு துகளும் மேற்பரப்பிலிருந்து எரிகிறது. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் கூடுகிறது. அதே அழுத்தத்தில் உறை விரிந்து சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் வராமல் அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் உறை கொஞ்சம் சுருங்குவதால்தான் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் தண்டு) இழுத்தால் லேசாக வெளியே வருகிறது.

விளிம்பில் கலவை சீராகப் பரவியிருக்கிறதா, மருந்து ஒரே அளவா, குண்டை உறை ஒரே இறுக்கத்தில் பிடித்திருக்கிறதா என்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். குண்டின் வேகம் நொடிக்கு 325 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டா அதில் 10 மீட்டர் குறைந்தால், 50 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் கீழே விழும். இலக்கில் பத்து மதிப்பெண் தரும் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! மூச்சு, டிரிகர் எல்லாம் சரியாக இருந்தும் குண்டு ஒன்பதுக்குப் போனால் மனசு எவ்வளவு நோகும் என்பது சுடுபவர்களுக்குத் தெரியும்.

ஹை வெலாசிட்டி தோட்டாவை நான் போட்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, போகும் வழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் கட்டத்தில் குண்டு சற்று அலைக்கழியும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி குண்டு பெரும்பாலும் ஆரம்பம் முதலே ஒலி வேகத்துக்குக் கீழேதான் போகும். சத்தமும் குறைவு.

குண்டின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு, விரலில் ஒட்டும். மண்ணில் விழுந்த தோட்டாவைத் துடைத்துப் போடாதீர்கள், ஒதுக்கி வைத்துவிடுங்கள். குழலைச் சுத்தம் செய்த பிறகு முதல் சில குண்டுகள் கொஞ்சம் விலகும். குழலுக்குள் மெழுகு படிந்த பிறகுதான் புள்ளிகள், அதாவது இலக்கில் குண்டு விழும் இடங்கள், ஓரிடத்தில் சேரும். எனவே அந்தக் குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எப்போதாவது ஒன்று பற்றாமல் போகும். விளிம்பில் ஃபயரிங் பின் குத்திய இடத்தில் கலவை இல்லையென்றால் அப்படி ஆகும். உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். குழலை இலக்கை நோக்கியே பிடித்து, அரை நிமிடமாவது காத்திருங்கள்.

அப்புறம், முக்கியமான விஷயம் லாட் எண். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் லாட் மாறினால் என் குழலில் புள்ளிகள் நன்றாகவே சிதறுகின்றன. அதே லாட் பக்கத்து லேனில் இருப்பவரின் ரைஃபிளில் அருமையாகச் சுடுகிறது. ஆகவே எடுத்த எடுப்பில் மொத்தமாக வாங்க வேண்டாம். இரண்டு மூன்று லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ரைஃபிளைத் தாங்கியில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். புள்ளிகள் நெருக்கமாக விழும் லாட்டில், போட்டிப் பருவம் முடியும்வரை தேவைப்படும் அளவை ஒரேயடியாக எடுத்து வையுங்கள்.