கூலண்ட் லீக் கண்டுபிடிக்கற பிரஷர் டெஸ்டர் கிட்: பழைய பிக்கப்ல ஆறு மாசம் பயன்படுத்தின அனுபவம்

ஆன்லைன்ல வாங்கின ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் கிட் பத்தி எழுதறேங்க. கையால அடிக்கற பம்பு, அதுமேல ஒரு மீட்டரு, ஒரு ஓசு, ரேடியேட்டர் மூடி இருக்கற எடத்துல மாட்டறதுக்கு பல சைசுல அடாப்டரு, கூடவே ஒரு யூவி (புற ஊதா) டார்ச்சு, போட்டுக்க மஞ்சக் கண்ணாடி, சின்ன பாட்டில்ல லீக்க காட்டற டை, அதாவது சாயம். எல்லாம் சேத்து 4,200 ரூபா ஆச்சு. இத முன்னாடியே வாங்கியிருந்தா எங்கண்ணன் கை வெந்திருக்காது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

எங்க வண்டி 2010 மாடல் டீசல் பிக்கப்பு. அண்ணன் ஓட்டறாரு, கணக்கு ரிப்பேரு எல்லாம் நான் பாக்கறேன். கொல்லிமலைல இருந்து அன்னாசி, வாழத்தாரு, சீசன்ல பலாப்பழம் ஏத்திட்டு நாமக்கல்லு, சேலம்னு போற வண்டி. அடிவாரத்துல காரவள்ளி தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவு, காலி வண்டியா ஏறினாலும் பாதி தூரம் ரெண்டாவது கியருதான், காத்து அடிக்காது, இன்ஜின் முக்கிட்டே ஏறும். கூலிங் சிஸ்டத்துல சின்ன கோளாறு இருந்தாலும் அந்த ரோடு காட்டிக் கொடுத்துரும்.

போன வருசம் மாசி மாசத்துல இருந்து ரேடியேட்டர்ல தண்ணி குறைய ஆரம்பிச்சுதுங்க. ஒரு ட்ரிப்பு போயிட்டு வந்தா அரை லிட்டரு, சில நாளு முக்கா லிட்டரு. வண்டிக்கு அடில அட்டைய விரிச்சு வெச்சுப் பாத்தா ஒரு சொட்டு இல்ல. மொத மெக்கானிக்கு ஓஸ் கிளிப்பெல்லாம் மாத்தினாரு. ரெண்டாவது ஆளு ரேடியேட்டர கழட்டி கடைக்கு அனுப்பி, ராடு விட்டு அடைப்பு எடுத்து, ரெண்டு எடத்துல ஈயம் வெச்சுக் கொடுத்தாங்க, அதுக்கு ரெண்டு நாள் வண்டி நின்னுச்சு. அப்பயும் குறைஞ்சுது. மூணாவது ஆளு கை வெச்சுக்கூட பாக்கல, வெளிய சொட்டு இல்லன்னா உள்ளதான் குடிக்குது, ஹெட் கேஸ்கட்டு (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீலு) போயிருச்சு, ஹெட்ட இறக்கணும்னாரு. அதுக்கு ஆகற பணத்த கேட்டுட்டு ரெண்டு நாள் தூங்கல.

அந்த யோசனைல இருக்கும்போதே அது நடந்துச்சு. மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போக, அண்ணன் ஓரங்கட்டி அஞ்சு நிமிசம்கூட விடாம, துணியப் போட்டு மூடிய லேசா திருப்பியிருக்காரு, ஆவியும் தண்ணியும் பீச்சி அடிச்சு மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் கொப்புளம். தயவு செஞ்சு சூடா இருக்கற இன்ஜின்ல அந்த மூடிய தொடாதீங்க. மூடி 0.9 பார்னு போட்டிருந்தா அந்த அழுத்தத்துல தண்ணி கிட்டத்தட்ட 119 டிகிரி வரைக்கும் கொதிக்காம அடங்கி நிக்கும், மூடிய திறந்த அந்த நொடி அழுத்தம் போயிரும், அத்தன தண்ணியும் ஒரே சமயத்துல கொதிச்சு மேல வரும். துணி எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆறட்டும், பழம் அழுகினா அழுகட்டும்.

சரி, கிட்டுக்கு வரேன்.

இது செய்யற வேல ஒண்ணே ஒண்ணுதான். வண்டி ஓடும்போது சிஸ்டத்துல என்ன அழுத்தம் இருக்குமோ அத இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போதே கொண்டு வந்துரும். இதுல என்ன பெரிசுன்னு நானும் நெனச்சேன். ஆனா எங்க வண்டிக்கு விசயமே இங்கதான் இருந்துச்சு. இன்ஜின் நின்னு ஆறினதும் அழுத்தம் கிடையாது, லீக்கும் நின்னுரும். ஓடும்போது லீக் ஆனாலும் சூடான இரும்பு மேல பட்டு ஆவியாயிரும், கீழ விழாது. அப்ப எப்பப் பாத்தாலும் சொட்டு தெரியாதுதானே, மூணு பேருமே அதுலதான் ஏமாந்தாங்க. ஆறின இன்ஜின்ல அழுத்தத்த கொடுத்தா தண்ணி ஆவியாக வழி இல்ல, வழிஞ்சே ஆகணும்.

காலைல ஆறு மணிக்கு, ராத்திரி முழுக்க நின்ன வண்டில, ரேடியேட்டர் தண்ணிய கழுத்து வரைக்கும் ரொப்பிட்டு அடாப்டர மாட்டி மெதுவா பம்ப் அடிச்சேன். மூடில என்ன அளவு போட்டிருக்கோ அதுக்கு மேல ஒரு துளிகூட அடிக்கக் கூடாதுங்க, இத பெரிய எழுத்துல எழுதி ஒட்டிக்கணும், 15 வருசப் பழைய ரேடியேட்டரு அதிகமா அடிச்சா நல்லா இருக்கற எடமும் விட்டுரும். எங்களுது 0.9 பார், மீட்டர்ல இன்னொரு வட்டத்துல பாத்தா 13 பிஎஸ்ஐ. அடிச்சு விட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்தேன். பத்து நிமிசத்துல முள்ளு 0.6க்கு வந்திருந்துச்சு. அப்பயும் தரைல எதுவும் இல்ல. பம்ப திருப்பி அடிச்சுட்டு டார்ச்ச எடுத்துட்டு ஒவ்வொரு எடமா போனேன்.

மொதல்ல வாட்டர் பம்பு. அதோட அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள இருக்கற சீல் தேஞ்சா அது வழியா வெளிய ஒழுகட்டும்னே விட்டிருக்கற ஓட்டை, அத அடைச்சுக் கிடைச்சுப் போடாதீங்க. அங்க காஞ்சு இருந்துச்சு. ஓஸ் முனையெல்லாம் சுத்தம். ஈயம் வெச்ச எடமும் நல்லாதான் இருந்துச்சு, அந்தக் கடைக்காரர் வேல சுத்தமான வேல, அத சொல்லியே ஆகணும். அப்பறம் சைலன்சருக்குப் புகைய கொண்டு போற மேனிபோல்டுக்குப் பின்னாடி கையக்கூட விட முடியாத சந்துல சின்ன முகம் பாக்கற கண்ணாடிய விட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா, பிளாக்குல கோர் பிளக்குனு ஒண்ணு அடிச்சு வெச்சிருப்பாங்கல்ல, வார்ப்பு ஓட்டைய மூடற வட்டத் தகடு, அதோட ஓரத்துல முத்து முத்தா தண்ணி நிக்குது. அதுக்குக் கீழ சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையா கோடு கோடா காஞ்ச தடம். எத்தன மாசமா அங்க வழிஞ்சு அந்தச் சூட்டுலயே காஞ்சிருக்கு பாருங்க! எனக்கு அத பாத்தப்ப சந்தோசமும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு.

ஹெட் கேஸ்கட் விசயத்தையும் அன்னைக்கே பாத்துட்டேன். டெஸ்டர் மாட்டியிருக்கறப்பவே அழுத்தத்த கொஞ்சமா வெச்சு ஆறின இன்ஜின ஸ்டார்ட் பண்ணினா, கேஸ்கட்டு போயிருந்தா எரியற கேஸு தண்ணிக்குள்ள வந்து, இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடியே முள்ளு சரசரன்னு ஏறும், இல்லனா துடிக்கும். அப்படி ஏறினா உடனே ஆப் பண்ணிரணும். எங்களுக்கு முள்ளு அசையல. டிப்ஸ்டிக்குல ஆயிலும் டீ கலர்ல நுரையா இல்ல, புகையும் வெள்ளையா வரல. அப்ப ஹெட்ட எதுக்கு இறக்கணும்? மேனிபோல்ட கழட்டி பழைய பிளக்க தட்டி எடுத்துட்டு பித்தளைல ஒண்ணு அடிச்சோம். பிளக்கு விலை ரொம்பக் கம்மி, கூலிதான் கூட. கழட்டினத பாத்தா வெளிப்பக்கம் நல்லாதான் இருந்துச்சு, உள்பக்கம் துரு தின்னு பேப்பர் மாதிரி ஆயிருச்சு. இத்தன வருசமா போர் தண்ணியவே ஊத்தினதோட பலன் அது.

இப்ப இந்த கிட்ல நான் ஏமாந்த எடத்தையும் சொல்லணும். பிளக்கு மாத்தி மறுபடி டெஸ்ட் பண்ணினா அரை மணி நேரம் முள்ளு அசையாம நின்னுச்சு, சரியாயிருச்சுன்னு வண்டிய அனுப்பிட்டோம். ஒரு வாரத்துல மறுபடி கால் லிட்டரு குறையுது! அப்பறம்தான் புரிஞ்சுது, டெஸ்டர மாட்டறது மூடி இருக்கற எடத்துல, அப்ப மூடிய மட்டும் அது டெஸ்டே பண்ணலையே. கிட்டுலயே மூடிக்குன்னு தனி அடாப்டரு இருக்கு, அதுல மூடிய மாட்டி அடிச்சா 0.4லயே காத்து விட்டுருச்சு. ரப்பரு வெடிச்சு ஸ்பிரிங்கும் தளந்து போயிருந்துச்சு. கீழ ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது, மலை மேல ஆயிரம் மீட்டருக்கு மேல போனா சும்மா திறந்த பாத்திரத்துலயே தண்ணி 97 டிகிரிக்குள்ள கொதிச்சுரும், அங்க மூடி அழுத்தத்த பிடிக்கலன்னா சீக்கிரமா கொதிச்சு, ரேடியேட்டர்ல மிஞ்சற தண்ணி போற பாட்டிலுக்குத் தள்ளி, பாட்டில் நெறஞ்சு ரோட்டுல போயிரும். அண்ணன் வண்டி மேல போனாதான் சூடாகுதுன்னு சொல்லிட்டே இருந்தாரு, நாங்க காதுல போட்டுக்கல. புது மூடி 250 ரூபா. அதனால கிட் வாங்கறவங்க மொத வேலையா மூடிய டெஸ்ட் பண்ணுங்க, கிட்டோட வந்த பேப்பர்ல இது கடைசிப் பக்கத்துல இருக்கு, மொதப் பக்கத்துல இருக்கணும்.

யூவி டை எனக்கு அவ்வளவா உதவல. தண்ணில டைய ஊத்தி ரெண்டு ட்ரிப்பு ஓட்டிட்டு டார்ச் அடிச்சா லீக் ஆன எடம் பச்சை மஞ்சளா மின்னும்னு போட்டிருக்கு. எங்க தண்ணி துருக் கலர்ல இருந்ததால மங்கலாதான் தெரிஞ்சுது, பகல்ல சுத்தமா தெரியல, ராத்திரி லைட்ட எல்லாம் அணைச்சுட்டுதான் பாக்க முடிஞ்சுது. சிஸ்டத்த கழுவி புது கூலண்டு ஊத்தினதுக்கு அப்பறம் நல்லா மின்னுது. மாமா பையன் வண்டில வாட்டர் பம்ப் ஓட்டைல கசிவ இத வெச்சுதான் பிடிச்சோம், அதனால வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன், சுத்தமான கூலண்டு ஓடற வண்டிக்கு பலன் இருக்கு.

மீட்டரு பரவால்ல, நம்பலாம். பம்ப் பிடி பிளாஸ்டிக்கு, ஆனா ஆறு மாசத்துல ஒண்ணும் ஆகல. பெட்டியோட கொக்கி ரெண்டாவது வாரமே உடைஞ்சுருச்சு. பழைய மாடல் அழுத்தித் திருப்பற மூடிக்கு வர அடாப்டருதான் கொஞ்சம் லூசு, சீல் சரியா உக்காரலன்னா அங்கயே காத்து போயி வண்டில லீக்குன்னு தப்பா நெனச்சுக்குவோம். மாட்டினதும் சோப்புத் தண்ணிய அடாப்டர சுத்தி தடவிப் பாருங்க, நுரை வந்தா எடுத்து மறுபடி மாட்டுங்க.

லீக் அடைக்க மஞ்சத்தூள போடறது நம்ம பக்கம் காலங்காலமா இருக்கற பழக்கம், நடுரோட்டுல நின்னுட்டா வீடு வந்து சேர உதவும், நானே போட்டிருக்கேன். அதுக்கப்பறம் கழுவாம விட்டுட்டா உள்ள படிஞ்சு சின்னக் குழாய அடைச்சுக்கும். இப்ப நாங்க டிஸ்டில்டு தண்ணியும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊத்தறோம். ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, எத்திலீன் கிளைக்கால் இருக்கற கூலண்டு இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிருச்சுன்னா உயிர் தப்பறது கஷ்டம். கழுவின தண்ணிய தட்டுல பிடிச்சு மூடி வைங்க, வாசல்ல விட்டுராதீங்க.

அண்ணன் கை ஆறிருச்சு, தழும்பு இருக்கு. பாட்டில்ல நான் மார்க்கர்ல போட்ட கோட்டுல இருந்து ஆறு மாசமா தண்ணி ஒரு விரக்கடைகூட இறங்கல. எங்க தெருவுல நாலு வண்டிக்கு இந்த கிட்டு போயிட்டு வந்ததுல அடாப்டர் ரப்பர் வளையம் ஒண்ணு கிழிஞ்சுருச்சு, விக்கறவங்ககிட்ட கேட்டா தனியா கிடையாது, முழு செட்டுதான் வாங்கணும்ங்கறாங்க. அந்த வளையத்த மட்டும் தனியா விக்க ஏற்பாடு பண்ணுங்க, அஞ்சு ஸ்டாருக்கு நாலு கொடுத்ததுக்கு அதுதான் காரணம்.