பழைய டிராக்டருக்கு எந்த கியர் ஆயில்? 90, 140, வெட் பிரேக் ஆயில்

பழைய மாசி ஃபர்குசன் 1035-க்கோ ஃபோர்டு 3600-க்கோ கியர் ஆயில் வாங்கப் போனால் கடைக்காரர் "90-ஆ, 140-ஆ?" என்று கேட்பார். இதற்குப் பதில் சொன்னால் மட்டும் போதாது. டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இன்னொரு குறியும் இருக்கும். 90, 140 எல்லாம் ஆயிலின் தடிமன். ஜிஎல் என்பது பற்களைக் காக்க அதில் சேர்த்திருக்கும் ரசாயனத்தின் வீரியம்.

முதலில் ஜிஎல் விஷயம், ஏனென்றால் தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். 5 பெரிய எண், அதனால் ஒசத்தி என்று வாங்கிவிடுகிறார்கள். ஜிஎல்-5 ஹைப்பாய்டு கியருக்காக வந்தது. அதில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் விலகி இருக்கும், பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுற்றும். அந்த உராய்வைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனத்தை ஜிஎல்-4-ல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்க்கிறார்கள். சூடு ஏறும்போது இதே கந்தகம் பித்தளை, வெண்கல புஷ்களையும் வாஷர்களையும் அரிக்கக்கூடும். பழைய டிராக்டர் பெட்டிக்குள் இவை நிறைய உண்டு. கம்பெனிப் புத்தகத்தில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் நான் அதைத் தாண்டிப் போகமாட்டேன், கடைக்காரர் என்ன சொன்னாலும்.

ஆயிலை வடிக்கும்போது கொஞ்சம் வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். தட்டில் பொன்னிறத் தூள் மினுங்கினால் புஷ் தேய்கிறது. காந்தத்தில் அது ஒட்டாது.

அடுத்து தடிமன். இன்ஜினுக்கு 40, கியருக்கு 90, அப்படியானால் இது இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி செல்சியஸில் கியர் 90-ன் பிசுக்கு 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக்ஸ் (தடிமனை அளக்கும் அலகு) வரை, இன்ஜின் 40-க்கு 12.5-லிருந்து 16.3 வரை. கிட்டத்தட்ட ஒன்றுதான். 140 தொடங்குவதே 24-ல், அதுதான் உண்மையான கெட்டி.

தேய்ந்த பெட்டியில் 140 ஊற்றினால் இரைச்சல் குறையும், சீல் கசிவும் கொஞ்சம் அடங்கும். வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்கிற வேலை அது! பல்லின் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். மாசி 1035-ல் கியர் பெட்டி, கிரௌன், கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில். லிஃப்ட் பம்ப்பே அந்த ஆயிலுக்குள் முங்கித்தான் இருக்கிறது. காலைக் குளிரில் 140-ஐ இழுக்க முடியாமல் பம்ப் திணறும், கலப்பை மெதுவாக எழும்பும். ஃபோர்டு 3600-ல் கியர் பெட்டி தனி, பின்பக்க கிரௌனும் லிஃப்டும் சேர்ந்தே இருக்கும், ஆக பின்பக்கத்துக்கு அங்கேயும் இதே எச்சரிக்கைதான். ரோட்டவேட்டரின் பக்கப் பெட்டிக்கு, புத்தகத்தில் சொல்லியிருந்தால், 140 தாராளமாக ஊற்றலாம்.

வெட் பிரேக் ஆயில் தனிக் கதை. பிரேக் தட்டுகள் ஆயிலில் முங்கியிருக்கும் வண்டிக்கு இதைத் தவிர வேறெதுவும் ஆகாது. சாதா 90 ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிமானமும் சரியாக இருக்காது. ஒரே மாடல் உலர் பிரேக்கோடும் ஆயில் பிரேக்கோடும் விற்றிருப்பதால் பழைய வண்டி வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். உலர் பிரேக் வண்டிக்கு இது தேவையில்லை. விலை கூடுதல், 90-ஐ விட இலகு, தேய்ந்த சீல் வழியே இன்னும் எளிதாக வடியும்.

அப்புறம், தொளி உழவு, அதாவது சேற்று உழவு செய்யும் வண்டிகள். கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டி அச்சு முங்க ஓட்டினால் அச்சு சீல் வழியே தண்ணீர் ஏறும். ஆயில் குச்சியை எடுத்தால் மோர் நிறத்தில் இருக்கும். அந்த நிலையில் எந்த ரகம் என்ற பேச்சே இல்லை, முழுக்க வடித்துவிட்டு சீலை மாற்றிய பிறகே புது ஆயில். ரகம் மாற்றும்போதும் அப்படியே, வண்டியைக் கொஞ்சம் ஓட்டி ஆயில் சூடாக இருக்கும்போதே வடியுங்கள், அடியில் தேங்கிய கசடும் சேர்ந்து வந்துவிடும்.