நைட்ரேட் டெஸ்ட் கிட்: இரண்டாவது பாட்டிலைக் குலுக்காமல் நம்பாதீர்கள்

இரண்டு சொட்டு பாட்டில், ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு கலர் அட்டை. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் மீன் தொட்டியில் சேரும் நைட்ரேட்டைப் பார்க்கும் இந்தக் கிட்டை ஒன்றரை வருடமாகப் பயன்படுத்துகிறேன். முதல் மூன்று மாதம் நான் குறித்துவைத்த எண்கள் எல்லாமே தப்பு.

5 மில்லி தொட்டித் தண்ணீரில் முதல் பாட்டிலிலிருந்து 10 சொட்டு, இரண்டாவதிலிருந்து 10 சொட்டு. குலுக்கி 5 நிமிடம் வைக்க வேண்டும். இரண்டாவது பாட்டிலின் அடியில் நுண்ணிய பொடி படிந்திருக்கும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது அந்தப் பொடிதான். சிவப்பு நிறம் அந்த நைட்ரைட்டால்தான் வருகிறது. நான் பாட்டிலைச் சும்மா ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் சொட்டு விட்டேன். பொடி அடியிலேயே தங்கிவிட்டது, குழாயில் மஞ்சள். நோட்டில் ‘5 பிபிஎம்’ (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) என்று எழுதினேன். தொட்டியிலோ கப்பி மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஒருநாள் பாட்டிலை மேஜையில் நாலு தட்டு தட்டி, 30 விநாடி விடாமல் குலுக்கிச் சொட்டு விட்டேன். அதே தண்ணீர்தான், இந்தமுறை அடர் சிவப்பு.

சிவப்பு வந்தபின் அட்டை கைகொடுக்காது. 40க்கும் 80க்கும் பகல் வெளிச்சத்தில்கூட எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்தக் கிட்டில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். ஒரு பங்கு தொட்டித் தண்ணீரில் மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து பார்த்து, வந்த 20ஐ நான்கால் பெருக்கினேன். 80.

வாராவாரம் தவறாமல் கால் தொட்டித் தண்ணீர் மாற்றுகிறவன் நான். பிறகு எப்படி 80? மாற்றியதும் பார்த்தால் 60, அடுத்த வாரம் மறுபடி 80. வாரத்துக்கு 20 ஏறுகிறது, கால் பங்கு எடுத்தால் இறங்குவதும் அதே 20. எத்தனை வருடம் மாற்றினாலும் அங்கேயேதான் நிற்கும். வாரம் பாதித் தொட்டி மாற்றினால் 40க்கும் 20க்கும் இடையில் வரும். தீனியையும் பாதியாகக் குறைத்தேன். இப்போது மாற்றும் முன் 20, மாற்றியபின் 10. ஒரே நாளில் இறக்கவில்லை. பழகிய தண்ணீர் சட்டென்று மாறினால் மீன் தாங்காது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றினேன்.

வாங்குகிறவர்கள் முதலில் குழாய்த் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீரிலேயே லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குழாய்த் தண்ணீரிலேயே 20 வந்தால், எவ்வளவு மாற்றினாலும் தொட்டி அதற்குக் கீழே இறங்காது. சுழற்சி முடியாத, அதாவது கழிவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா இன்னும் போதுமான அளவு வளராத புதுத் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் சேர்ந்து நிறம் காட்டும், அதனால் நைட்ரைட்டைத் தனியாகப் பாருங்கள்.

பாட்டில் மூடி சரியில்லை, சாய்த்து வைத்தால் கசிகிறது. சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள். கண்ணாடிக் குழாயை உடனே கழுவாவிட்டால் கறை பிடித்து அடுத்த தடவை நிறம் ஏமாற்றும்.