ஜிஐ, எஸ்எஸ், ஹெச்டிபிஇ: கடலூர் உப்புக்காற்றுக்கு எந்தப் பைப் தாங்கும்?

அக்கா மகன் கடலூர் சிப்காட் பக்கம் சின்னதாக ஒரு ஷெட் எடுத்திருக்கிறான். தண்ணீர் லைன், கம்ப்ரஸர் காற்று லைன், ஒரு ஓரத்தில் கொஞ்சம் அமில லைன். "மாமா, சேதராப்பட்டுல என் ஃபிரெண்டு ஜிஐ போட்டு இத்தனை வருஷமா ஒரு சொட்டு ஒழுகலைங்கறான். நானும் அதையே போட்டுடட்டுமா?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் புதுச்சேரியின் சேதராப்பட்டு கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இவன் ஷெட்டுக்கும் கடலுக்கும் நடுவே உப்பனாறும் அதைத் தாண்டி ஒரு மணல் கரையும்தான்.

கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும்போது பைப் மேல் விரலை வைத்துத் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். மழை நேரடியாகப் படுகிற பைப்பை ஐப்பசி கார்த்திகை கழுவிவிடும். கூரைக்கு அடியில் மழை படாமல் இருக்கும் பைப்தான் முதலில் கெடும், அதிலும் அடிப்பக்கம். புதிதாக வருகிற ஆட்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

முதலில் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். மேலே பூசிய துத்தநாகம் தான் கரைந்து உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. சின்னக் கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் அந்த இடத்துக்குக் காவல் நிற்கும். பெயிண்டால் அது முடியாது. சிக்கல் மரையில்தான், அதாவது ஃபிட்டிங்கை மாட்ட பைப் நுனியில் வெட்டும் திருகுச்சுற்றில். ஒரு இஞ்ச் மீடியம் கிளாஸ், அதாவது நீலப்பட்டை போட்ட பைப்பின் சுவர் 3.2 மில்லி. மரை வெட்டும் ஆழம் ஏறக்குறைய 1.5 மில்லி. ஆக மரையடியில் மிஞ்சுவது பாதிச் சுவர், அதுவும் துத்தநாகம் வழித்தெடுக்கப்பட்ட வெறும் இரும்பு. கடலூரில் நான் மாற்றிய ஜிஐ லைன்கள் முக்கால்வாசி எல்போவை ஒட்டிய கடைசி மரையில்தான் ஒழுகின. ஜிஐதான் என்று முடிவெடுத்தால் சிவப்புப்பட்டை ஹெவி கிளாஸ் வாங்க வேண்டும். மாட்டியதும் வெளியே தெரிகிற மரையில் ஜிங்க் பெயிண்ட் அடிக்க வேண்டும். சணல் வைத்தாலும் டெஃப்ளான் டேப் சுற்றினாலும் அது ஒழுகலைத்தான் நிறுத்தும், துருவை அல்ல. 60 டிகிரிக்கு மேல் போகும் வெந்நீருக்கு ஜிஐ வேண்டாம். அந்தச் சூட்டில் துத்தநாகம் இரும்பைக் காப்பதை விட்டுவிட்டு, சில தண்ணீரில் இரும்பையே அரிக்க விடும். மரை வேண்டாமென்று ஜிஐயை வெல்டிங் செய்தால் துத்தநாகம் புகையாகப் போகும். அந்தப் புகையை இழுத்த வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் நிச்சயம்.

சரி, எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304, 316 என்பவை அதன் ரகங்கள். கடையில் எல்லோரும் கேட்பது "304 போதுமா, 316 வேணுமா?" என்பதுதான். 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்பில் இருக்கும் குளோரைடு வந்து எஸ்எஸ் தோலைத் துளைப்பதைத் தடுப்பது இந்தக் கூடுதல்தான். சாதாரண வெப்பத்தில் தண்ணீரில் குளோரைடு 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரை 304, 1000 வரை 316 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கடல்நீரில் அது 19,000 பிபிஎம். கடலோர போர் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் நிற்கும், ஆகவே தண்ணீரை டெஸ்ட் செய்யாமல் 304 வாங்குவது சூதாட்டம். கடலூரில் 304 வெளியிலும் சீக்கிரமே டீ கொட்டிய மாதிரி பழுப்பாகும்.

316 போட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் 316 லைன் ஒன்று சொட்ட ஆரம்பித்தது. வெல்டிங்கில் ஓட்டையா என்று இரண்டு நாள் தேடினோம். கடைசியில் யூ கிளாம்பைக் கழற்றினால், அதற்கு அடியில் ரப்பர் ஷீட் வைத்த இடத்தில் வரிசையாகக் குண்டூசிக் குழிகள். ரப்பருக்கும் பைப்புக்கும் நடுவே உப்புத்தண்ணீர் புகுந்து காயாமலே கிடந்திருக்கிறது. எஸ்எஸ்ஸுக்குக் காற்று படவேண்டும், மூடி வைத்தால்தான் அதற்கு ஆபத்து. அப்புறம் ரப்பரை எடுத்துவிட்டு, கெட்டி பிளாஸ்டிக்கில் அரைவட்டக் கட்டையை அடியில் கொடுத்தோம். பைப் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும், தண்ணீர் தேங்காது. மேலே இருக்கும் யூ போல்ட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டோம்.

இன்னொன்று. எஸ்எஸ் லைனை போர் தண்ணீரில் பிரஷர் டெஸ்ட் செய்து வடிக்காமல் விட்டுவிடுவார்கள். லைன் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே உள்ளே குழி விழுந்திருக்கும். டெஸ்ட் தண்ணீரில் குளோரைடு 50 பிபிஎம்முக்குள் இருக்கவேண்டும், முடிந்த உடனே வடித்துக் காற்றடித்துக் காயவைக்க வேண்டும். சூடான எஸ்எஸ் லைனுக்கு இன்சுலேஷன் சுற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 60 டிகிரிக்கு மேல், ஈரமான இன்சுலேஷனுக்கு அடியில், குளோரைடு குழியோடு நிற்காது, பைப்பிலேயே விரிசல் விழ வைக்கும்.

ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பைப், அதற்குத் துரு என்ற பேச்சே இல்லை. பைப்போடு பைப்பை உருக்கி ஒட்டுவதால் மரையும் கேஸ்கெட்டும் தேவையில்லை. மண்ணுக்கடியில் போகும் தண்ணீர் லைனுக்கு இதை அடிக்க ஆளில்லை. வெளியே போட்டால்தான் தலைவலி. ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.2 மில்லி நீளும். 50 மீட்டர் லைன் காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி மாறினால் 200 மில்லி, கிட்டத்தட்ட எட்டு இஞ்ச். அதே நீள எஸ்எஸ் 16 மில்லிதான் நீளும். இடம் விடாவிட்டால் பாம்பு மாதிரி நெளிந்து, கடைசியில் பம்ப் ஃபிளேஞ்ச்சை (போல்ட் போட்டு இணைக்கும் தட்டை) பிடித்து இழுத்து அங்கே ஒழுக வைக்கும்.

பெயிண்ட் அடித்த எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணல் அடித்துச் சுத்தம் செய்து எபாக்சி பூசினால் நிற்கும். துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு தடவினால் அடுத்த ஷட்டவுனில் மறுபடி தடவலாம்.

காற்று லைன்தான் அக்கா மகனுக்கு முக்கியம். பிவிசி மலிவு என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அழுத்தக் காற்றில் பிவிசி உடைந்தால் சில்லு சில்லாகப் பறக்கும், ஆகவே அது பேச்சுக்கே இல்லை. செப்பு டியூப் வளைக்க லேசு, ஆனால் அம்மோனியா வாடை இருக்கும் இடத்தில் செம்பும் பித்தளையும் கூடாது. துறைமுகம் பக்கம் அம்மோனியாவில் ஓடும் ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். மிச்சம் இருப்பது 316 டியூப், இரட்டை ஃபெரூல் ஃபிட்டிங்கோடு. ஃபெரூல் என்பது நட்டை இறுக்கும்போது டியூபைக் கவ்வும் வளையம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அரை இஞ்ச் டியூப் என்றால் வெளிவிட்டம் 12.7 மில்லி. அரை இஞ்ச் பைப் என்றால் 21.3 மில்லி. ஃபிட்டிங்கை மாற்றி ஆர்டர் போட்டுவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போடாதவர்கள் குறைவு. நட்டைக் கையால் இறுகும் வரை திருப்பி, பேனாவால் ஒரு கோடு போட்டு, ஸ்பேனரில் ஒன்றேகால் சுற்று. கால் இஞ்ச்சும் அதற்கு மேலும் இதுதான் அளவு. "இன்னும் கொஞ்சம் டைட்" என்று நம் ஆட்கள் கொடுக்கும் அந்தக் கூடுதல் அரைச் சுற்றுதான் பல ஒழுகல்களுக்குக் காரணம். ஒரு கம்பெனி நட்டில் இன்னொரு கம்பெனி ஃபெரூலைப் போட்டாலும் அதே கதைதான்.

அமிலம் அவனுடையது ஹைட்ரோகுளோரிக். அதற்கு 316-உம் கரைந்துவிடும். சிபிவிசி (பிவிசியில் ஒரு ரகம்) அல்லது பிபி (பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்) மேல் எஃப்ஆர்பி (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) சுற்றிய பைப், ஃபிளேஞ்ச்சுக்கு டெஃப்ளான் கேஸ்கெட், தெறிக்காமல் இருக்க ஒரு மூடி. வேடிக்கை என்னவென்றால், 98 சதவீத சல்ஃப்யூரிக் சாதாரண எம்எஸ் பைப்பில் அமைதியாக ஓடும். வால்வைத் திறந்து விட்டு ஈரக்காற்று புகுந்து அமிலம் நீர்த்துப்போனால் அதே பைப்பைத் தின்றுவிடும்.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்த பட்டியல்: மண்ணுக்கடியில் ஹெச்டிபிஇ, ஷெட்டுக்குள் காற்றுக்கு 316 டியூப், அதற்குப் பிளாஸ்டிக் கட்டை வைத்த கிளாம்பு, அமிலத்துக்கு பிபி எஃப்ஆர்பி. ஜிஐ கழிப்பறைப் பக்கம் மட்டும், சிவப்புப்பட்டையில். பார்த்துவிட்டு, "கிளாம்புக்கு இவ்வளவு காசா மாமா?" என்று அந்த ஒரு வரியை மட்டும் அடித்தான். நான் திரும்ப எழுதி வைத்திருக்கிறேன்.