மார்டினிக்கில் ஒரு பகல்: கப்பல் பஸ்ஸா, துறைமுக டாக்சியா, அக்கரைப் படகா?

கரீபியன் கப்பல் பயணத்தில் மார்டினிக் என்ற பிரெஞ்சுத் தீவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பகல்தான். காலையில் தலைநகர் ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், மாலைக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை கப்பல்காரர்களே விற்ற பஸ் சுற்றுலா. அடுத்த முறை நாங்கள் நாலு பேர் சேர்ந்து துறைமுகத்தில் டாக்சி பிடித்தோம். ஆளாளுக்கு விலையை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, வண்டியை எங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது.

முதலில் பஸ். நாற்பது ஐம்பது பேர், கையில் மைக்குடன் ஆங்கிலம் பேசும் வழிகாட்டி. பாதை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: ஊருக்கு மேலே பலாட்டா குன்றில் பாரிஸ் சாக்ரே-கேர் தேவாலயத்தின் சின்ன நகல், பக்கத்திலேயே பலாட்டா தோட்டம், மழைக்காட்டுக்குள் வளைந்து போகும் த்ராஸ் சாலை, பிறகு வடமேற்குக் கரையில் சேன்-பியேர். திரும்பும்போது கடலோரமாக வருவார்கள். குறை சொல்ல முடியாத பாதை. ஆனால் சேன்-பியேரில் எங்களுக்குக் கிடைத்தது 40 நிமிடம். அதில் பாதி, கழிப்பறை வரிசைக்கே போய்விட்டது.

40 நிமிடத்தில் பார்க்கிற ஊரா அது? 1902 மே 8 காலை எட்டு மணி வாக்கில் பெலே எரிமலை வெடித்து, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் ஊர்மேல் பாய்ந்தன. சில நிமிடங்களில் ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள். அதுவரை தீவின் பெரிய ஊர் அதுதான், 'கரீபியனின் சின்ன பாரிஸ்' என்று பெயர். நாடக அரங்கின் படிக்கட்டுகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. அதை ஒட்டினாற்போல் ஒரு சிறை அறை. சுவர் அவ்வளவு கனமாக இருந்ததால், உள்ளே அடைக்கப்பட்டிருந்த சிபாரிஸ் என்ற கைதி தீக்காயங்களோடு பிழைத்தார். பிறகு அமெரிக்க சர்க்கஸ் ஒன்றில் 'அழிவிலிருந்து தப்பியவர்' என்று காட்சிக்கு நிறுத்தப்பட்டார். எங்கள் வழிகாட்டி இதையெல்லாம் நன்றாகத்தான் சொன்னார், ஆனால் பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது. அறைக்கு முன்னால் நின்றபோது நேரம் முடிந்துவிட்டது.

பஸ்ஸுக்குச் சாதகமாக ஒன்று உண்டு, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. புயலால் கப்பல் அந்தத் தீவுக்கே போகாமல் விட்டாலும் பணம் தானாகத் திரும்பிவிடும். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இந்த நிம்மதிக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

சரி, டாக்சி. துறைமுக வாசலிலேயே வரிசையாக நிற்பார்கள். பேரம் பேசும்போது மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: விலை வண்டிக்கா தலைக்கா, யூரோவிலா டாலரிலா, எத்தனை மணி நேரத்துக்கு. காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டுநர்கள் பிரெஞ்சும், தீவின் பேச்சுமொழியான கிரியோலும் பேசுகிறவர்கள். ஆங்கிலம் ஆளுக்கு ஆள் மாறும். ஏறும் முன் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள், நாள் முழுவதும் கூட வரப்போகும் குரல் அது. நாலு பேர் பங்கு போட்டால் செலவு பஸ் டிக்கெட்டை விட அதிகமாகாது என்பது எங்கள் அனுபவம். தனியாக அல்லது இருவராகப் போனால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

டாக்சியின் உண்மையான லாபம், பஸ் எட்டிப் பார்க்காத வடக்கு மூலை. சேன்-பியேருக்கு அப்பால் மோர்ன்-ரூஜ் வழியாக மலையைச் சுற்றிப் போனால் பாஸ்-புவான்த். கவிஞர் எமே செசேர் 1913-ல் பிறந்த ஊர். நமக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். சுமார் 30 ஆண்டுகளில் 25,000 பேர் வந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பாஸ்-புவான்த் பக்கத் தோட்டங்களில் அவர்கள் எழுப்பிய சிறு கோயில்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே 'மாரியெமேன்' என்றால் மாரியம்மன், 'மால்தேவிதான்' என்றால் நம் மதுரை வீரன். தமிழ் பேச்சு மறைந்துவிட்டது, பெயர்கள் இப்படித் தேய்ந்து நிற்கின்றன. நாங்கள் போனபோது கோயில் பூட்டியிருந்தது, வெளியிலிருந்துதான் பார்த்தோம். அதற்காக எங்கள் ஓட்டுநர் பாதையையே மாற்றிக்கொண்டார். எந்த பஸ் அதைச் செய்யும்?

ஆனால் கணக்குப் பாருங்கள்: ஒரு பக்கப் பயணமே ஒரு மணி நேரத்துக்கு மேல். சேன்-பியேரையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் போய்விடும். பலாட்டா தோட்டத்தைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். கப்பல் ஆறு மணி நேரம்தான் நிற்கும் என்றால் வடக்கை மறந்துவிடுங்கள். மாலையில் தலைநகரை நெருங்கும் சாலைகளில் நெரிசல் கடுமை. டாக்சியில் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கடைசி ஏறும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிடுவது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

இன்னொரு பொறி, கடிகாரம். மார்டினிக்கில் கோடை நேர மாற்றம் கிடையாது. குளிர்காலத்தில், பல கப்பல்கள் கிளம்பும் மயாமியின் நேரத்தைவிட இங்கே ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கைபேசி தீவின் நேரத்துக்குத் தானாக மாறும், கப்பல் தன் நேரத்திலேயே இருக்கலாம். இறங்கும் முன் வாசலில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, எங்கும் சுற்றாமல் படகேறுவது. பஸ்ஸில் போன அன்று மதியம் மிச்சமிருந்த நேரத்தில் இதையும் முயன்றோம். கப்பல் புவான்த் சிமோன் துறையில் கட்டியிருந்தால் ஐந்து நிமிட நடையில் ஊர் நடு. அங்கிருந்து விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் த்ருவாஸிலே பக்கக் கடற்கரைகளுக்குப் பயணிகள் படகு போகிறது, இருபது நிமிடம் போல ஆகும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. ஞாயிறு என்றால் படகுகள் குறைவு, கடைகளும் அடைத்திருக்கும். வாடகைக் கார் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், வண்டி எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் விமான நிலையத்தில். ஒரே பகலுக்கு வேண்டாம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா விதியைக் கப்பல் நிறுவனத்திடம் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்டினிக் பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாப் பகுதிக்குள் வராது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கப்பலேறும் முன் அரை மணி நேரம் ஊரில் மிச்சம் வையுங்கள். பிரான்சில் செய்த பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டிய ஷெல்ஷர் நூலகத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு, கூரை போட்ட சந்தைக்கு நடந்துவிடலாம். அங்கே 'கொலோம்போ' என்று ஒரு மசாலாப் பொடி விற்பார்கள்: மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம். பெயர் கொழும்பு நகரிலிருந்து வந்ததா, நம் குழம்பு திரிந்ததா என்று இரண்டு பக்கமும் பேச்சு இருக்கிறது. நான் அரைக் கிலோ வாங்கி வந்தேன். வீட்டில் யாரும் அதை வெளிநாட்டுப் பொடி என்று நம்பவில்லை.